விமானத்துக்கு எத்தனையாவது தலைமுறை?



தாத்தா, அப்பா, பிள்ளை, பேரன் என்று மனுஷனுக்குத் தலைமுறை உண்டு. கம்ப்யூட்டருக்குக்கூட உண்டு. வால்வு போட்டால் முதல் தலைமுறை, டிரான்ஸிஸ்டர் போட்டால் இரண்டாவது என்று முதல் யூனிட்டிலேயே படித்து, பரீட்சையில் எழுதி, அங்கேயே மறந்தும் விட்டோம். ஆனால் சண்டை விமானத்துக்குமா? 'ஐந்தாம் தலைமுறைப் போர் விமானம்' என்று பேப்பரில் அடிக்கடி போடுகிறார்களே, இந்த ஐந்தை யார் போட்டது? அதற்குப் பாஸ் மார்க் மாதிரி ஏதாவது கணக்கு இருக்கிறதா? பழைய விமானம் ஒன்றைத் தட்டிக்கொட்டி அடுத்த தலைமுறைக்குப் பிரமோஷன் வாங்கித் தர முடியுமா? இந்த மூன்று கேள்விகளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் பறந்து பார்ப்போம், வாருங்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சப்பென்று இருக்கும். யாரும் போடவில்லை! ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்துவதுபோல் விமானத்தைச் சோதித்து 'நீ நாலு, நீ அஞ்சு' என்று சர்டிபிகேட் கொடுக்கும் சர்வதேச அமைப்பு எதுவும் கிடையாது. விமானச் சரித்திரம் எழுதுகிறவர்களும் விமானப் படைக்காரர்களும் பின்னால் திரும்பிப் பார்த்து வகுத்துக்கொண்ட பிரிவு இது. பிறகு விமானம் விற்கிற கம்பெனிகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. 'எங்கள் சரக்கு ஐந்து, அவர்கள் சரக்கு நாலு' என்று சொல்ல வசதியாக இருக்கிறதே!

பொதுவாகச் சொல்லப்படும் வரிசை இது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் வந்த ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262, கொரியப் போரில் மோதிய மிக்-15, எஃப்-86 சேபர் எல்லாம் முதல் தலைமுறை. ஜெட் என்ஜின் உண்டு, சண்டைக்குத் துப்பாக்கிதான். ஒலியின் வேகத்தைத் தாண்டி, ரேடாரும் ஏவுகணையும் வைத்துக்கொண்டு வந்த மிக்-21, எஃப்-104 போன்றவை இரண்டாவது. வியட்நாம் யுத்தத்தில் பேர் வாங்கிய எஃப்-4 ஃபேன்டம் மூன்றாவது. 1970-களில் பிறந்த எஃப்-15, எஃப்-16, மிக்-29, சுகோய்-27, மிராஜ்-2000 நான்காவது. இதற்கப்புறம் 'நாலரை' என்று ஒன்று வருகிறது! பஸ்ஸில் அரை டிக்கெட் மாதிரி. ரஃபேல், டைஃபூன், கிரிப்பன் இவையெல்லாம் அந்த அரை டிக்கெட்டில் ஏறியவை. கோவை பக்கம் சூலூரில் இருக்கிற நம்ம தேஜஸைச் சிலர் நாலு என்கிறார்கள், சிலர் நாலரை என்கிறார்கள். கேட்க ஆள் இல்லை.

சீனாக்காரர் கணக்கே தனி. அவர்களுடைய பழைய வரிசைப்படி ஜே-10 மூன்றாம் தலைமுறை. உலகம் ஐந்து என்று சொன்ன ஜே-20 அவர்கள் வீட்டில் நான்காம் தலைமுறை. விமானம் ஒன்றுதான், எண் இரண்டு.

எண் எவ்வளவு வழுக்கும் என்பதற்கு நம் விமானப் படையின் மிக்-21 நல்ல சாட்சி. 1963-ல் இந்தியாவுக்கு வந்தது. பின்னாளில் சுமார் 125 விமானங்களைப் பிரித்து மேய்ந்து, புது 'கோப்யோ' ரேடார், ஆர்-73, ஆர்-77 ஏவுகணைகள், விமானி தலையைத் திருப்பிப் பார்த்தே குறிவைக்கும் ஹெல்மெட் எல்லாம் பொருத்தி 'பைசன்' என்று பெயர் வைத்தார்கள். உடம்பு இரண்டாம் தலைமுறை, கையில் இருப்பதோ நான்காம் தலைமுறை ஆயுதம். தாத்தாவுக்குப் பேரனின் கண்ணாடியை மாட்டிவிட்ட கதை. அப்படியும் 2025 செப்டம்பர் 26-ந் தேதி சண்டிகரில் விடைபெறும் வரை பறந்தது.

ஆக, இரண்டை ஏறக்குறைய நாலாக்கலாம். நாலை நாலரையாக்கலாம். 1974-ல் முதலில் பறந்த எஃப்-16 இன்று 'பிளாக் 70' என்ற பேரில் புத்தம் புது ரேடாரோடு வருகிறதே! ஆனால் எந்தக் கொம்பனாலும் நாலை ஐந்தாக்க முடியவில்லை. ஏன்? அங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருகிறது.

நான்காம் படியின் விளையாட்டு

ஐந்தாம் தலைமுறை என்றால் முதலில் வேண்டியது 'ஸ்டெல்த்'. ரேடார் கண்ணில் படாமல் பதுங்கிப் போவது. விமானம் மாயமாகிவிடும் என்று சினிமா பார்த்து நினைத்துவிடாதீர்கள். கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ரேடாருக்கும் தெரியும், ரொம்பப் பக்கத்தில் வந்த பிறகு தெரியும். அவ்ளோதான்.

ரேடார் ஒரு ரேடியோ அலையை அனுப்புகிறது. அலை போகப் போக விரிகிறது. ஆகவே விமானத்தை அடையும் சக்தி தூரத்தின் இரண்டாம் படிக்கு ஏற்பக் குறைகிறது. விமானத்தில் பட்டுத் திரும்புகிற அலையும் அதேபோல் விரிந்து இன்னொரு இரண்டாம் படி குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் தூரத்தின் நான்காம் படி. எதிரொலியின் பலத்தை வைத்து விமானம் ரேடாருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று சொல்வதற்கு 'ரேடார் குறுக்குவெட்டுப் பரப்பு' என்று பெயர். ரேடார் ஒரு விமானத்தைக் கண்டுபிடிக்கும் தூரம் இந்தப் பரப்பின் நான்காம் படிமூலத்தைப் பொறுத்தது.

எண்ணைப் போட்டுப் பார்த்தால்தான் சூட்சுமம் புரியும். ஒரு ரேடார் ஒரு விமானத்தை 200 கிலோமீட்டரில் கண்டுபிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராப்பகலாக உழைத்து அந்தப் பரப்பைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கிறீர்கள். தூரம் எவ்வளவு குறையும்? 20 கிலோமீட்டராகும் என்று சொன்னவர்கள் அரியர் எழுதலாம்! 112 கிலோமீட்டர்தான் ஆகும். தூரம் பாதியாக வேண்டும் என்றால் பரப்பைப் பதினாறில் ஒன்றாக்க வேண்டும். 20 கிலோமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் பத்தாயிரத்தில் ஒன்றாக்க வேண்டும்!

மணிக்கு 900 கிலோமீட்டரில் வருகிற விமானம் நிமிஷத்துக்கு 15 கிலோமீட்டர் போகும். 200 கிலோமீட்டரில் பார்த்துவிட்டால் எதிரிக்கு 13 நிமிஷம் கிடைக்கும். 20 கிலோமீட்டரில் பார்த்தால் 80 செகண்டு. அதற்குள் யார், எங்கே, எந்த ஏவுகணை என்று முடிவு பண்ணியாக வேண்டும்.

இப்போது தெரிகிறதா, பழைய விமானத்துக்கு ரேடார் அலையை உறிஞ்சுகிற பெயிண்டை அடித்து ஏன் ஐந்தாக்க முடியாது என்று? பெயிண்டு நாலு மடங்கு, பத்து மடங்கு குறைக்கும். இங்கே கேட்பது ஆயிரக்கணக்கான மடங்கு. அது உருவத்தினால்தான் வரும். உருவம் டிராயிங் போர்டிலேயே முடிவாகிவிடும். எஃப்-15-ன் பின்வால்களைச் சாய்த்து, ஆயுதங்களை மூடிய பெட்டிக்குள் வைத்து 'சைலன்ட் ஈகிள்' என்று போயிங் கம்பெனி 2009-ல் காட்டிப் பார்த்தது. வாங்க ஆள் வரவில்லை.

இந்த உருவக் கணக்குக்கு அஸ்திவாரம் போட்டது அமெரிக்கர் அல்ல, ஒரு ரஷ்யர். பியோத்தர் உஃபீம்த்செவ் என்ற விஞ்ஞானி, விளிம்புகளில் பட்டு அலைகள் எப்படிச் சிதறுகின்றன என்று 1962-ல் மாஸ்கோவில் ஒரு புத்தகமே போட்டார். அங்கே அதை ரகசியம் என்றுகூட நினைக்கவில்லை. அமெரிக்க விமானப் படை அதை மொழிபெயர்த்து வைத்தது. லாக்ஹீட் கம்பெனியில் டெனிஸ் ஓவர்ஹோல்சர் என்ற கணித நிபுணர் அதைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். ஒரு விமானத்தின் ரேடார் எதிரொலியைக் கட்டுவதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுவிடலாம்! ஆனால் அந்தக் காலக் கம்ப்யூட்டரின் சக்திக்கு வளைவான பரப்பைக் கணக்கிட முடியவில்லை. தட்டையான பலகைகளைத்தான் முடிந்தது. ஆகவே விமானத்தையே தட்டைப் பலகைகளாக வெட்டி ஒட்டினார்கள். 1977 டிசம்பரில் 'ஹேவ் புளூ' என்ற சோதனை விமானம், 1981 ஜூனில் எஃப்-117. அந்த விமானம் பட்டை தீட்டிய கல் மாதிரி ஏன் அப்படிக் கோணல் மாணலாக இருக்கிறது என்று கேட்டால், அழகுக்காக இல்லை, கம்ப்யூட்டரின் ஏழ்மைக்காக! பின்னால் வந்த பி-2, எஃப்-22 எல்லாம் வழவழவென்று வளைந்திருப்பது கம்ப்யூட்டர் பணக்காரன் ஆனதால்.

ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்துக் கை காய்த்த நண்பர்களுக்காக ஒரு சேதி. சோதனையின்போது ஒருநாள் ஹேவ் புளூ திடீரென்று ரேடாரில் பூதாகரமாகத் தெரிந்ததாம். காரணம் என்ன தெரியுமா? மூன்று ஸ்க்ரூக்களைச் சரியாக முறுக்கவில்லை. அவற்றின் தலை மேலே துருத்திக்கொண்டு நின்றது எட்டில் ஒரு அங்குலத்துக்கும் குறைவு, அதாவது 3 மில்லிமீட்டர். அந்தப் பிரிவின் தலைவராக இருந்த பென் ரிச் இதைத் தன் நினைவுக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். டாலரன்ஸ் என்றால் என்ன என்று வைவாவில் கேட்டால் இதைச் சொல்லலாம்.

சரி, எஃப்-117 ஐந்தாம் தலைமுறையா? இல்லை. அதில் ரேடாரே கிடையாது. ஒலியைவிட மெதுவாகத்தான் போகும். குண்டு போடத்தான் லாயக்கு. 'எஃப்' என்ற எழுத்து வெறும் பெயர்ப்பலகை. அதோடு 1999 மார்ச் 27 ராத்திரி செர்பியாவில் அது சுடப்பட்டும் விட்டது. சுட்டது 1960-களின் தொடக்கத்து எஸ்-125 ஏவுகணை. ஸோல்ட்டான் டானி என்பவரின் பேட்டரி மீட்டர் அளவு அலைநீளமுள்ள பழைய ரகத் தேடுதல் ரேடாரை வைத்திருந்தது. ஸ்டெல்த் உருவம் சென்டிமீட்டர் அலைகளைத்தான் நன்றாக ஏமாற்றும். மீட்டர் அலைக்கு விமானத்தின் வாலும் இறக்கையும் அலையின் அளவுக்கே வந்துவிடுவதால் எதிரொலி கூடிவிடும். விமானங்கள் ஒரே வழியாகத் திரும்பத் திரும்பப் போய்வந்ததும் எதிராளிக்குச் சௌகரியமாகப் போயிற்று.

ஐந்துக்கு இலக்கணம்

எஃப்-22 முதலில் பறந்தது 1997 செப்டம்பரில். படையில் சேர்ந்தது 2005 டிசம்பரில். அது வந்தபோது இலக்கணம் சொன்னார்கள்: ஸ்டெல்த் வேண்டும், ஆஃப்டர் பர்னரை மூட்டாமலேயே ஒலியைவிட வேகமாகப் போக வேண்டும், நன்றாகத் திரும்ப வேண்டும், எல்லா சென்ஸார்களும் தருவதைக் கம்ப்யூட்டரே சேர்த்து விமானிக்கு ஒரே படமாகக் காட்ட வேண்டும். அப்புறம் எஃப்-35 வந்தது. ஆஃப்டர் பர்னர் இல்லாத அந்த வேகம் அதன் டிசைனில் கேட்கப்படவே இல்லை. ஆனாலும் ஐந்துதான்! வரையறையிலிருந்து வேகத்தைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டார்கள். ரஷ்யாவின் சுகோய்-57-க்கு வேகம் உண்டு, திருப்பம் உண்டு. ஸ்டெல்த் போதுமா என்றுதான் மேற்கத்தியர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். என்னைக் கேட்டால் ஐந்து என்பது பதுங்குகிற உடம்பும் சேர்த்துப் பார்க்கிற மூளையும், மீதியெல்லாம் விளம்பரம்.

உடம்பை மாற்ற முடியாது. மூளையை மாற்றலாம். மாற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் மூளைதான் சீக்கிரம் கிழடாகிறது.

எஃப்-22-ன் மத்தியக் கம்ப்யூட்டரில் இருந்தது இன்டெல் கம்பெனியின் ஐ-960 ரகச் சிப். நம் சீனியர்கள் 486 கம்ப்யூட்டரை ஏ.சி. அறைக்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்த் தரிசனம் செய்துவந்த காலத்துச் சங்கதி அது. உலகத்திலேயே நம்பர் ஒன் என்ற விமானம் படையில் சேரும்போதே சிப் பழசாகிவிட்டது. சாஃப்ட்வேர் எழுதியது அடா என்ற மொழியில். அதை மாற்றுவது லேசில்லை. தரையைப் படம் பிடிக்கும் வசதி ஒரு கட்டத்தில், புது ஏவுகணைகள் இன்னொரு கட்டத்தில் என்று தவணை முறையில்தான் சேர்த்தார்கள். 2023 பிப்ரவரியில் சீனாவின் பலூனைத் தெற்குக் கரோலினா கரைக்கு அப்பால் சுட்டது அப்படிச் சேர்த்த ஏ.ஐ.எம்.-9எக்ஸ் ஏவுகணையால்தான். எஃப்-22 வானத்தில் வீழ்த்திய முதல் எதிரி ஒரு பலூன்!

அதைவிட வேடிக்கை, எஃப்-22-ம் எஃப்-35-ம் நேரடியாகத் தகவல் பரிமாறிக்கொள்ள முடியாது. எதிரி ஒட்டுக் கேட்கக்கூடாது என்று இரண்டுக்கும் தனித்தனி ரகசிய ரேடியோ. ஒரே வீட்டுப் பிள்ளைகள், பாஷை வேறு. 2021-ல் நடந்த ஒரு சோதனையில் யு-2 என்ற பழைய உளவு விமானத்தை நடுவில் பறக்கவிட்டு மொழிபெயர்ப்பாளர் வேலை பார்க்க வைத்தார்கள். யு-2 முதலில் பறந்தது 1955-ல்.

சரி, புதுசாகக் கட்டலாமே? சோதனை விமானங்களையும் சேர்த்து 195-தான் கட்டினார்கள். 2011 டிசம்பரில் கடைசி விமானம் வெளியே வந்ததும் உற்பத்தி நின்றது. ஜிக்குகளையும் ஃபிக்ஸ்சர்களையும் பத்திரமாக எடுத்து வைத்திருந்தும், மறுபடி ஆரம்பித்து 194 விமானம் கட்ட சுமார் 5,000 கோடி டாலர் ஆகும் என்று பின்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்து மூடி வைத்துவிட்டார்கள். எந்திரம் இருந்தும், அதை ஓட்டத் தெரிந்த கைகளும் உதிரிபாகம் கொடுத்த சின்னக் கம்பெனிகளும் கலைந்து போயிருந்தன.

சூடு தாங்கவில்லை

எஃப்-35-ல் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். 'பிளாக்' என்று சாஃப்ட்வேர் வகுப்புகள். 2பி, 3ஐ, 3எஃப் என்று ஏறி ஏறி இப்போது நாலாவது பிளாக். விமானத்துக்குள் 80 லட்சம் வரிக்கு மேல் புரோகிராம் இருக்கிறதாம். நாலாவது பிளாக்குக்குப் பழைய கம்ப்யூட்டர் போதாது என்று 'டி.ஆர்.-3' என்று புது புராஸஸர், புது மெமரி, புது டிஸ்பிளே. பெட்டி தயார், புரோகிராம் தயாரில்லை. 2023 ஜூலையிலிருந்து ஒரு வருஷம் அமெரிக்க ராணுவம் அந்த விமானங்களைக் கையெழுத்துப் போட்டு வாங்க மறுத்தது. கட்டி முடித்த விமானங்கள், என்ஜினும் இறக்கையும் எல்லாம் சரியாக இருந்தும், வரிசையாக நின்றன. 2024 ஜூலையில், பாதி வெந்த புரோகிராமோடு பயிற்சிக்காவது ஆகட்டும் என்று வாங்க ஆரம்பித்தார்கள்.

மெக்கானிக்கல் நண்பர்கள் இனிமேல்தான் காது கொடுக்க வேண்டும். புது புராஸஸர், புது ரேடார் என்றால் மின்சாரம் கூடும். மின்சாரம் கூடினால் சூடு கூடும். அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பழைய ரக விமானமாக இருந்தால் வெளியே ஒரு காற்று வாயைத் திறந்துவிடலாம். தேவையான கருவியைத் தனிப் பெட்டியாகச் செய்து இறக்கைக்குக் கீழே தொங்கவிடலாம். எஃப்-16 பிழைத்து வந்ததே அப்படித் தொங்கவிட்டுத்தான். ஸ்டெல்த் விமானத்தில் வெளியே ஒரு ஓட்டையும் போடக்கூடாது, ஒரு பொருளும் தொங்கக்கூடாது. ஸ்க்ரூ கதைதான் படித்தோமே. எது செய்தாலும் அந்தத் தோலுக்குள்ளே, முன்பு போட்ட அதே குழிக்குள்ளே. எஃப்-35 தன் எரிபொருளையே தண்ணீர்த் தொட்டி மாதிரி வைத்து அதில் சூட்டை இறக்குகிறது.

போதாததற்குக் குளிரூட்டும் சிஸ்டம் என்ஜின் கம்ப்ரஸரிலிருந்து காற்றை உருவிக்கொள்கிறது. ஆரம்ப டிசைனில் நினைத்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்று இப்போதே போகிறது. காற்றைத் திருடினால் உந்துவிசை குறையும். குறையாமல் இருக்க என்ஜின் கூடுதல் சூட்டில் ஓட வேண்டும். அப்படி ஓடினால் டர்பைன் பிளேடுகளின் ஆயுசு குறையும், ஓவர்ஹாலுக்குச் சீக்கிரம் இறக்க வேண்டும். இதனால் மொத்த ஆயுள்காலத்தில் 3,800 கோடி டாலர் அதிகச் செலவு என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2023-ல் எழுதியது. ஒரு சிப்பை மாற்றப் போய் என்ஜினில் கை வைக்க வேண்டியதாயிற்று! எஃப்-135 என்ஜினின் உள்பகுதியை மட்டும் புதுசாக்குவது என்று அதே ஆண்டு முடிவாயிற்று.

மற்ற நாடுகளுக்கு என்ஜினே முதல் பாடம். 2011-ல் பறந்த சீனாவின் ஜே-20 ரஷ்ய என்ஜினில் ஆரம்பித்து, சொந்த டபிள்யூ.எஸ்.-10-க்கு மாறியது, அடுத்தது டபிள்யூ.எஸ்.-15. சுகோய்-57 தற்காலிக என்ஜினோடுதான் படையில் சேர்ந்தது.

இன்னொரு சங்கதி எனக்கு என்ஜினைவிடப் பெரிதாகப் படுகிறது. எஃப்-35 எந்த ரேடாரைப் பார்த்தால் 'இது எதிரி' என்று அடையாளம் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு தகவல் கோப்பு உண்டு. அது அவ்வப்போது புதுப்பிக்கப்பட வேண்டும். புரோகிராமின் மூலப் பிரதி வாங்கிய நாடுகளின் கையில் இல்லை. இஸ்ரேல் மட்டும் சண்டை பிடித்துத் தன் சொந்தக் கருவிகளைச் சேர்க்க அனுமதி வாங்கியது. துருக்கி அந்த விமானத்துக்கு உதிரிபாகமே செய்து கொடுத்த நாடு. ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணையை வாங்கியதற்காக 2019-ல் வெளியே அனுப்பப்பட்டது. காசு கொடுத்துப் பிரஷர் குக்கர் வாங்கினால் காஸ்கெட்டை நாமே மாற்றிக்கொள்ளலாம். இங்கே காஸ்கெட் கடைக்காரர் கையில்.

2025 மார்ச்சில் அமெரிக்கா எஃப்-47 என்று ஆறாம் தலைமுறையை அறிவித்தது. பிரிட்டன், இத்தாலி, ஜப்பான் சேர்ந்து ஒன்று. 2024 டிசம்பரில் சீன வானத்தில் வாலே இல்லாத ஒரு விமானத்தைப் பார்த்தார்கள். ஆறுக்கு இலக்கணம் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். முதலில் விற்கிறவர் எழுதுவார்!

நம்ம நாடு ரஷ்யாவோடு சேர்ந்து ஐந்தாம் தலைமுறை கட்டும் திட்டத்திலிருந்து 2018-ல் விலகிக்கொண்டது. 2024 மார்ச்சில் 'ஆம்கா' என்ற சொந்த விமானத்துக்கு மத்திய அரசு சுமார் 15,000 கோடி ரூபாய் ஒதுக்கி அனுமதி கொடுத்தது. இரண்டு என்ஜின், 25 டன் எடை, ஆயுதம் உள்ளே. முதலில் அமெரிக்காவின் எஃப்-414 என்ஜின், பிறகு அதைவிடப் பெரிய ஒன்று. அந்த டிசைனர்களில் யாரையாவது சந்தித்தால் வேகம் எவ்வளவு, ஏவுகணை எத்தனை என்று நான் கேட்கமாட்டேன். 2050-ல் வரப்போகிற கம்ப்யூட்டரின் சூட்டுக்கு உள்ளே எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள் என்றுதான் கேட்பேன்.